கல்லூரிக் கட்டணம் ஜூனில், உதவித்தொகை அடுத்த ஆண்டில்: விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் கல்வி உதவி விதிகளை எழுதும், திருத்தும், கையெழுத்திடும் அதிகாரிகளுக்கு,

என் இரண்டு மகள்களுக்கும் ஒரே அப்பா. ராணுவத்துக்கு உணவும் பொருள்களும் கொண்டுசேர்க்கும் ஏ.எஸ்.சி. பிரிவில் ஹவில்தாராக இருந்தவர். 2019 ஜனவரியில் ஜபல்பூரில், காலை உடற்பயிற்சி (பி.டி.) ஓட்டத்தில் மயங்கி விழுந்தவர் எழவில்லை. பெரியவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு, சின்னவள் ஏழாம் வகுப்பு. பெரியவள் இந்த ஆண்டு பி.இ. முடித்துவிட்டாள். அவளுக்குப் பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் மாதம் 3,000 வீதம் ஆண்டுக்கு 36,000 ரூபாய் கிடைத்தது. சின்னவள் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறாள். அவளுடைய முதலாண்டுக்கு இன்னொரு திட்டத்தில் மாதம் 1,000 வீதம் 12,000 ரூபாய் கிடைத்தது. இரண்டு பேருக்குமே பணம் வந்து சேர்ந்தபோது அந்த ஆண்டுக் கட்டணத்தை நான் கடன் வாங்கிக் கட்டி முடித்திருந்தேன்.

இவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டவள் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், சின்னவளுக்கு ஏன் இந்த வித்தியாசம் என்று போன மாதம் ஓர் அலுவலகத்தில் கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கோபமாகப் பேசவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார்: "கணக்குல சேர்த்ததுக்கு நர்சிங்லயோ பி.சி.ஏ.விலயோ சேர்த்திருக்கலாமேம்மா." அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் உங்கள் விதியைத்தான் பேச்சுத் தமிழில் சொன்னார். ஆனால் அதைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் மகள் எதைப் படிக்க வேண்டும் என்பதை அவளுடைய அப்பாவின் சர்வீஸைக் காட்டி நீங்கள் தீர்மானிக்க முடியாது.

விதி தெரியாதவர்களும் இந்த மடலைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பிரதமரின் கல்வி உதவித்தொகை 2006-07-இல் தொடங்கியது. தேசிய பாதுகாப்பு நிதியிலிருந்து பணம் வருகிறது. அதிகாரிகளுக்குக் கீழான நிலையில் பணியாற்றியவர்களின் பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 5,500 இடம்: பெண்களுக்கு 2,750, ஆண்களுக்கு 2,750. பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். 2019-இல் தொகையைப் பெண்களுக்கு 2,250-லிருந்து 3,000 ஆகவும் ஆண்களுக்கு 2,000-லிருந்து 2,500 ஆகவும் உயர்த்தினார்கள். பி.இ., எம்.பி.பி.எஸ்., நர்சிங், பி.எட்., பி.பி.ஏ., பி.சி.ஏ. போன்ற தொழிற்படிப்புகளுக்கு மட்டும்தான் இது. பி.ஏ. தமிழோ வரலாறோ படித்தால் கிடையாது. பி.காம். கிடையாது. பி.எஸ்சி. கணிதமும் இயற்பியலும் கிடையாது. பிளஸ் டூவில் 95 சதவீதம் வாங்கியிருந்தாலும் கிடையாது.

இந்தப் பிரிவினைக்கு என்ன காரணம் என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. தொழிற்படிப்புக்குக் கட்டணம் அதிகம் என்பது காரணமாக இருந்தால், கட்டணத்தைப் பார்த்துத் தொகையை வையுங்கள், படிப்பின் பெயரைப் பார்த்து வைக்காதீர்கள். வேலை கிடைக்கும் படிப்பு என்பது காரணமாக இருந்தால், ராணுவத்தையே எடுத்துக்கொள்வோம். பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சி.டி.எஸ். தேர்வு எழுதிப் போக எந்தப் பட்டம் இருந்தாலும் போதும். படைவீரர்களுக்குப் பாடம் நடத்தும் ஹவில்தார் எஜுகேஷன் பதவிக்கு பி.ஏ.வும் பி.எஸ்சி.யும் எடுக்கிறார்கள். வரைபடம் தயாரிக்கும் சர்வேயர் வேலைக்குக் கணிதம் படித்த பட்டதாரியைக் கேட்டு விளம்பரம் கொடுக்கிறார்கள். நாளைக்கு என் சின்ன மகள் அந்தச் சீருடையைப் போட்டுக்கொள்ள இந்தப் பட்டம் போதும். இன்றைக்கு அந்தப் பட்டத்தைப் படிப்பதற்குத்தான் உங்கள் உதவித்தொகை இல்லை.

"அவளுக்கு வேறு திட்டம் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து வரும் கல்வி மானியம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்புவரை, இரண்டு பிள்ளைகளுக்கு. மாதம் 1,000 ஆக இருந்ததை 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 2,000 ஆக்கியிருக்கிறீர்கள். நல்ல முடிவு. ஆனால் இரட்டிப்பாக்கிய பிறகும் அது அக்காவுக்கு வந்த தொகையைவிட ஆண்டுக்கு 12,000 ரூபாய் குறைவு. இன்னொன்று, இந்த மானியம் ஹவில்தார் ரேங்க்வரைதான். எங்கள் தெருவில், ஹவில்தாருக்கு அடுத்த மேல் ரேங்கான நாயப் சுபேதாராக ஓய்வுபெற்றவர் ஒருவர் இருக்கிறார், அவர் மகன் பி.ஏ. பொருளாதாரம் படிக்கிறான். அப்பாவின் ரேங்க் காரணமாக இந்த மானியம் இல்லை. பாடப்பிரிவு காரணமாக அந்த உதவித்தொகையும் இல்லை. முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக சர்வீஸ் போட்ட மனிதர் அவர்.

கொடிநாள் நிதியிலிருந்துதான் இந்த மானியம் வருகிறது. ஒவ்வொரு டிசம்பர் 7-ஆம் தேதியும் பள்ளியில் உண்டியல் வரும், பிள்ளைகள் காசு போட்டுச் சட்டையில் கொடியைக் குத்திக்கொள்வார்கள். என் இரண்டு பெண்களும் போட்டிருக்கிறார்கள். எங்கள் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உண்டு, அங்கே அந்த உண்டியலை யாரும் தட்டிக்கழிக்க மாட்டார்கள். மக்கள் காசு போடும்போது "இந்தப் படிப்புக்கு மட்டும்" என்று சொல்லிப் போடுவதில்லை.

சரி, தொகையை விடுங்கள். அதைவிட எங்களை அடித்தது காலம்தான்.

கல்லூரியில் கட்டணம் எப்போது கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் படித்திருப்பார்கள். பெரியவளுக்குக் கலந்தாய்வில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. கல்விக் கட்டணமே ஆண்டுக்கு 50,000-க்கு மேல். அதற்கு மேல் விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், லேப் கோட்டிலிருந்து டிராஃப்டர்வரை. நான் பி.ஏ. படித்தவள் என்பதால் முதல் பட்டதாரி சலுகையும் இல்லை. சேர்க்கைக் கடிதம் கையில் வந்ததும் ஒரு வாரத்துக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். உதவித்தொகைக்கான விண்ணப்பமோ அவள் சேர்ந்து, வகுப்பு தொடங்கி, கல்லூரி போனஃபைடு சான்றிதழ் கொடுத்த பிறகுதான் போட முடியும். அப்புறம் மாவட்டத்தில் சரிபார்ப்பு, மாநிலத்தில் சரிபார்ப்பு, டில்லியில் சரிபார்ப்பு, அதற்கப்புறம் தகுதிப் பட்டியல், அதற்கப்புறம் வங்கி. அவளுடைய முதலாண்டுப் பணம் எங்கள் கணக்கில் விழுந்தபோது அவள் இரண்டாம் ஆண்டில் பாதியைத் தாண்டியிருந்தாள்.

இடையில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டுறவு வங்கியில் என் வளையலும் செயினும் அடகுக்குப் போயின. முதல் செமஸ்டருக்கு அது போதுமாக இருந்தது. இரண்டாவது செமஸ்டருக்கு என் தம்பி கொடுத்தான். கட்டண பாக்கி இருக்கிறது என்று ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தபோது, பெரியவள் எனக்குப் போன் செய்யவில்லை. தன்னுடன் படிக்கும் பெண்ணின் அப்பாவிடம் கேட்டு வாங்கிக் கட்டியிருக்கிறாள். எனக்கு அது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளை அப்படிக் கேட்க நேர்ந்ததை நான் மறக்கப் போவதில்லை. உதவித்தொகை கடைசியில் முழுசாக வந்தது, ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் அது கட்டணம் கட்ட வரவில்லை, கடன் அடைக்க வந்தது. அதில் ஒரு பங்கு வட்டிக்குப் போனது.

சின்னவளுக்கு இன்னும் மோசம். மானியம் அந்த வகுப்பில் தேர்ச்சி பெற்ற பிறகுதான். மதிப்பெண் பட்டியல் இல்லாமல் விண்ணப்பம் இல்லை. முதலாண்டுக் கட்டணத்துக்கு முதலாண்டு முடிந்த பிறகு விண்ணப்பம் என்றால், அந்த ஆண்டை அவள் யார் பணத்தில் படிப்பாள்? அரசு கலைக் கல்லூரியில் சேர்த்திருக்கலாம் என்று சொல்பவர்களுக்கு: முதலில் அங்கேதான் போட்டோம், கணிதத்தில் இடம் கிடைக்கவில்லை. இப்போது ஓர் உதவிபெறும் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் படிக்கிறாள். கட்டணமும் விடுதியும் சாப்பாடும் சேர்த்து ஆண்டுக்கு 80,000 ஆகிறது. மூன்றாம் ஆண்டுக்கான கட்டண நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. இரண்டாம் ஆண்டு மதிப்பெண் பட்டியல் இன்னும் கைக்கு வரவில்லை.

காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவள் பிறந்தபோது என் கணவர் செகந்திராபாத்தில் இருந்தார். யூனிட்டில் பிள்ளை பிறந்ததைப் பதிவுசெய்யும் பார்ட் டூ ஆர்டர் போட்ட குமாஸ்தா அவள் பெயரை வடநாட்டு உச்சரிப்பில் எழுதி, பின்னால் அவர் பெயரைக் குடும்பப் பெயர்போலச் சேர்த்துவிட்டார். ஆதாரில் முன்னெழுத்து முன்னால் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல். எங்கள் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடுவோம், குடும்பப் பெயர் கிடையாது. இது தமிழ்நாட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போன ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ள தலைவலி. ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வில் ஒன்று, டிஸ்சார்ஜ் புக்கில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று. விண்ணப்பம் "பெயர் பொருந்தவில்லை" என்று திரும்பி வந்தது. அஃபிடவிட் வாங்கி, படைவீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதி, பதில் வருவதற்குள் கடைசித் தேதி நெருங்கிவிட்டது. தேதியை நீட்டித்ததால் தப்பினோம். அவள் அவருடைய மகள்தான் என்று அரசாங்கத்தின் ஏட்டிலேயே பிறந்த நாள் முதல் பதிவு இருக்கிறது. அந்த ஏடு உங்கள் கையில் இருக்கிறது. அதில் எழுத்துப் பிழை செய்தது நீங்கள், அதைத் திருத்தி நிரூபிக்க வேண்டியவள் விதவை.

இனி நான் சொல்லப் போவதைப் பலர் யோசித்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் பொறியியல் சேரும் பிள்ளைக்கு 2021 முதல் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் மாநில அரசே ஏற்கிறது. பெரியவளின் வகுப்பிலேயே அப்படிச் சேர்ந்த பெண்கள் இருந்தார்கள், அவர்கள் வீட்டில் நகை அடகுக்குப் போகவில்லை. நியாயமான திட்டம், எனக்கு அதில் ஒரு பொறாமையும் இல்லை. ஆனால் அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை இங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். என் மகள்கள் அவருடைய போஸ்டிங்குடன் பதான்கோட், செகந்திராபாத், ஜபல்பூர் என்று கேந்திரிய வித்யாலயாக்களில் படித்தார்கள். அவர் போன பிறகு ஊருக்கு வந்துதான் அரசுப் பள்ளியில் சேர்ந்தார்கள். அதனால் இரண்டு பேருமே அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற விதிதான். அப்பா ஊரிலேயே இருந்து விவசாயமோ வியாபாரமோ பார்த்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது, நாட்டுக்காக ஊர் ஊராகப் போனதால் கிடைக்காமல் போனது. பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கென்று 150 இடம் இருக்கிறது, அது இடம்தான், கட்டணம் அல்ல. மாநிலம் கைவிட்டதை மத்தியத் திட்டம் பிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தோம்.

போரில் வீரமரணம் அடைந்தவர்கள், காணாமல் போனவர்கள், ஊனமுற்றவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தை முழுவதுமாகத் திருப்பித் தரும் சலுகை இருக்கிறது. 1971 போர் முடிந்த கையோடு நாடாளுமன்றத்தில் கொடுத்த வாக்கு அது. 2017 ஜூலையில் அதற்கும் மாதம் 10,000 என்று உச்சவரம்பு போட்டார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு வந்தது, அன்றைய கடற்படைத் தளபதி சுனில் லன்பாவே பாதுகாப்பு அமைச்சருக்கு எழுதினார். 2018 மார்ச்சில் உச்சவரம்பை எடுத்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் நினைத்தால் ஒரே உத்தரவில் மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

அந்தச் சலுகை என் பிள்ளைகளுக்கு இல்லை. அவர் குண்டு பட்டுச் சாகவில்லை, ஓட்டத்தில் விழுந்து செத்தார். எல்லையில் உயிர்விட்டவர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் முன்னுரிமை என்பது முதலில் கொடுப்பது. மற்றவர்களுக்குக் கொடுக்காமலே இருப்பது வேறு. பனிமலையில் மூன்று முறை இருந்துவிட்டு வந்த உடம்பு, சண்டை இல்லாத பீஸ் ஸ்டேஷனில் நின்றுபோனால் அதற்குக் கணக்கு இல்லையா? சீருடையில், கட்டளைப்படி, காலை ஐந்தரை மணிக்கு ஓடிக்கொண்டிருந்த மனிதர் அவர். வீட்டுக்கு வந்த பெட்டியில் கொடி போர்த்தித்தான் இருந்தது.

அமெரிக்காவில் எப்படி என்று பெரியவள் தேடி எடுத்துச் சொன்னாள். 1944-லேயே போரிலிருந்து திரும்பியவர்கள் படிக்கச் சட்டம் போட்டிருக்கிறார்கள், ஜி.ஐ. பில் என்று பெயர். அதில் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள். இன்றைக்கு 2001 செப்டம்பர் 11-ஆம் தேதி முதல் பணியின்போது இறந்த வீரர்களின் பிள்ளைகளுக்கு, ஈராக்கில் உயிரிழந்த ஜான் டேவிட் ஃப்ரை என்ற வீரரின் பெயரில் ஓர் உதவித்தொகை இருக்கிறது. 36 மாதப் படிப்பு. மாநில அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அந்த மாநிலத்து மாணவருக்கான முழுக் கட்டணமும் நேரே கல்லூரிக்கே போய்விடுகிறது. தங்கும் செலவுக்கும் புத்தகத்துக்கும் தனியாகப் பணம். கணிதம் படித்தாலும் சரி, நர்சிங் படித்தாலும் சரி. போர்க்களத்தில் இறந்தாரா, பயிற்சியில் இறந்தாரா என்று பார்ப்பதில்லை, பணியில் இறந்தாரா என்பதே கேள்வி. அவர்கள் பணக்கார நாடு, தொகையை ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் பணத்தைக் கல்லூரிக்கே நேராக அனுப்புவதற்கும், எல்லாப் பட்டத்தையும் பட்டமாக மதிப்பதற்கும் பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை. நம் மாநில அரசு 7.5 சதவீத ஒதுக்கீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை ஏற்கத்தான் செய்கிறது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நேரம் குறைவு. என் அக்கா மகன் 2023-இல் அக்னிவீரராகச் சேர்ந்தான், பிளஸ் டூ முடித்த கையோடு. நான்கு ஆண்டு. நான்கில் ஒருவரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்கள் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். முதலில் சேர்ந்தவர்கள் வெளியே வரும் நாள் நெருங்கிவிட்டது. இருபத்தி இரண்டு, இருபத்தி மூன்று வயது. கல்லூரியில் இருக்க வேண்டிய வயதைப் பட்டாளத்துக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியே கிடையாது என்பதால் நான் மேலே எழுதிய எந்தத் திட்டமும் அவர்களுக்கு இல்லை. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூலம் ஒரு பட்டம் வாங்க வழி செய்திருக்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் ஒரு பையன் திரும்பி வந்து ரெகுலர் கல்லூரியில் பி.இ.யோ பி.காமோ சேர ஆசைப்பட்டால் சேவா நிதியைத்தான் உடைக்க வேண்டும். அந்தப் பணத்தை நம்பித்தான் அவன் வீட்டில் தங்கையின் கல்யாணம், பழைய வீட்டின் கடன் என்று எல்லாம் காத்திருக்கிறது. அக்காவிடம் நான் இதைப் பேசியிருக்கிறேன், அவளுக்குப் பதில் இல்லை. உங்களிடமாவது இருக்க வேண்டும்.

விதவைகளைப் பற்றியும். அதே கல்வி மானியம் விதவைக்கும் உண்டு, இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்புக்கு. அதாவது ஏற்கெனவே பட்டம் வாங்கியவளுக்கு. எனக்குத் தெரிந்த ஒரு பெண், நாயக் ஒருவரின் மனைவி, பிளஸ் டூவோடு கல்யாணம் ஆனவள். இருபத்தி ஆறு வயதில் கணவர் போய்விட்டார். பி.ஏ. படித்தால் ஏதாவது வேலைக்குப் போகலாம் என்று விசாரித்தாள், இந்த மானியத்தில் இளங்கலைக்கு வழி இல்லை என்றார்கள். பிரதமர் திட்டத்தில் விதவைகள் சேரலாம், ஆனால் அதே தொழிற்படிப்பு விதி, அதிலும் தபால் வழிப் படிப்பு ஆகாது. மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அவள் எந்தப் பொறியியல் கல்லூரிக்குப் போவாள்? உதவி அதிகம் தேவைப்படுகிறவளைத் தவிர்த்துவிட்டு எழுதிய விதி அது.

நான் கேட்பவை இவை.

கட்டணத்தைச் சேர்க்கையின்போதே கட்டுங்கள். சேர்க்கைக் கடிதமும் குடும்பத்தின் பி.பி.ஓ. எண்ணும் போதும் என்று வையுங்கள். பணத்தை எங்கள் கையில் தர வேண்டாம், கல்லூரிக்கே அனுப்புங்கள். தேர்ச்சி பெறவில்லை என்றால் அடுத்த ஆண்டை நிறுத்திக்கொள்ளுங்கள், அந்த ஆண்டுக்கான கட்டணத்தை அந்த ஆண்டுக்குள் தாருங்கள். இது ஒன்றை மட்டும் செய்தால்கூட ஆயிரக்கணக்கான வீடுகளில் நகை வீட்டிலேயே இருக்கும்.

பிரதமரின் உதவித்தொகையில் அங்கீகரிக்கப்பட்ட எல்லா இளங்கலைப் பட்டங்களையும் சேருங்கள். இடங்களை அதற்கேற்ப 5,500-க்கு மேல் உயர்த்துங்கள். இடங்களை உயர்த்தாமல் படிப்புகளை மட்டும் சேர்த்தால் ஒரு ஜவானின் பிள்ளையிடமிருந்து பிடுங்கி இன்னொரு ஜவானின் பிள்ளைக்குக் கொடுத்ததாகிவிடும். கல்வி மானியத்தில் ஹவில்தார் என்ற ரேங்க் வரம்பை எடுத்து, நாயப் சுபேதார் முதலான ஜே.சி.ஓ.க்களின் பிள்ளைகளையும் சேருங்கள்.

பணியில் இருக்கும்போது பணி காரணமாக இறந்த ஒவ்வொருவரின் பிள்ளைக்கும், போர்க்கள மரணத்துக்குத் தரும் முழுக் கட்டணச் சலுகையை விரிவாக்குங்கள். முன்னுரிமை வரிசை அப்படியே இருக்கட்டும்.

தொகையை விலைவாசியோடு இணையுங்கள். எங்கள் குடும்ப ஓய்வூதியத்துக்கு அகவிலை நிவாரணம் ஜனவரியிலும் ஜூலையிலும் உயர்கிறது. உதவித்தொகைக்கு மட்டும் யாராவது மனம் வைத்து அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பெயர் பொருத்தமின்மையைக் காட்டி எந்த விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்பாதீர்கள். ரெக்கார்டு ஆபீஸ் ஏட்டில் இருக்கும் பிழையை ரெக்கார்டு ஆபீஸே விண்ணப்பதாரரின் ஆதாரைப் பார்த்து, ஒரு குறிப்பிட்ட கெடுவுக்குள் திருத்த வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். அதுவரை விண்ணப்பம் உயிரோடு இருக்கட்டும்.

நான்கு ஆண்டு முடித்து வெளியேறும் அக்னிவீரர்களுக்குக் கல்லூரிக் கட்டணத் திட்டம் ஒன்றை முதல் அணி வெளியே வருவதற்குள் அறிவியுங்கள், சேவா நிதியைத் தொடாமல். விதவைகளுக்கான மானியத்தை இளங்கலைக்கும், தபால் வழிப் படிப்புக்கும் நீட்டியுங்கள்.

கடைசியாக, இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். எது முடியும், எது முடியாது, முடியாது என்றால் எந்த விதி தடுக்கிறது, அந்த விதியை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். அடுத்த மடலை அவருக்கு எழுதுகிறேன்.

ஒரு ஹவில்தாரின் மனைவி,
வேலூர் மாவட்டம்